பதினொரு றாத்தல்

மண்டூர்த்துறையில் பாதை ஏறும்போது
துவக்கு இரண்டாகக் கழன்று
யூரியாப் பைக்குள் கிடந்தது.
அனுமதிப்பத்திரம் பொலித்தீன் சுற்றி
என் சட்டைக்குள்.
மண்வெட்டிப் பிடியோ, கேட்டான் பாதைக்காரன்.
ஓமென்றேன்.
வாவி அன்றைக்குத் தேத்தண்ணி நிறம்.

மூன்று போகமாக ஒரே முறைப்பாடு.
விசையை இழுக்க இழுக்க
குழலின் வாய் வலப்பக்கம் சாயும்.
பன்றி நிற்பது வயலுக்குள்,
ஈயம் விழுவது வரம்பில்.
குடலைப் பருவத்தில் ஒரே இரவில்
அரை ஏக்கர் உழக்கிப் போட்டன.
நண்டுக்கோ வெடி வைக்கிறாய் என்று
வட்டைவிதானை சிரித்தார்.
விரலில் காய்ப்பு வந்ததுதான் மிச்சம்.

மருதமுனையில் இஸ்ஸதீன் காக்கா
தறிக்கும் தையல் மெசினுக்கும் வைத்தியர்.
துவக்குத் திருத்தும் அனுமதி
கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.
குழலை முறித்து வெளிச்சத்தில் பிடித்து
வெறுமைதானா என்று இரண்டுதரம் பார்த்தார்.
பிறகு மீன் தராசின் கொக்கியை
விசையில் கொழுவி
மெல்ல, மிக மெல்ல இழுத்தார்.
முள் நகர்ந்தது. ஐந்து. ஏழு. ஒன்பது.
ஒன்பதரையில் கொஞ்சம் முக்கியது.
டிக்.

"பதினொரு றாத்தல் புள்ள.
இது துவக்கில்ல, கிணத்து வாளி."

உள்ளே எண்ணெய் பாணியாய் இறுகியிருந்தது.
"தேங்காயெண்ணெய் போட்டது ஆரு?"
நான்தான்.
அவர் தலையை ஆட்டிய ஆட்டில்
பக்கத்துத் தறிக்காரன் எட்டிப் பார்த்தான்.
மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி,
குறட்டு நுனியில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.
சுண்டுவிரல் நகமளவு சுருள்.
"இது கொம்பனி போட்டதில்ல.
ஆரோ வேணுமெண்டு செருகி இரிக்கி."

ஆரோ.
கிருபைரெத்தினம் என்று நான் சொல்லவில்லை.
இருபத்தொரு வருசம் பக்கத்தில் படுத்தும்
ஒரு சுருளைச் சொல்லாத மனிசன்.
அந்தப் பாரத்தோடுதானே
இரவிரவாய்ப் பன்றி விழுத்தினார்.

மகனுக்கு நாலு வயசு அப்போது.
நெல்மூட்டையில் ஏறிக் கொளுவியிலிருந்து இறக்கி,
முற்றத்துக் கோழிக்கு நேரே வாயை வைத்து,
இரண்டு கை விரல்களாலும் இழுத்து இழுத்து
ஏலாமல்
அழுதுகொண்டிருந்தான்.
முதுகில் இரண்டு வைத்துவிட்டு
இரவு அவரிடம் சொன்னேன்.
ம் என்றார். சோறு தின்றார்.
உள்ளே தோட்டா கிடந்ததா என்று
நான் பார்க்கவில்லை.
அவர் எழும்பிப் போய்ப் பார்த்தார்.
கை கழுவ வெகுநேரம் எடுத்தார்.

"வைக்கவா, எடுக்கவா?"
வீட்டில் இப்போது நானும் ஐந்தாறு கோழியும்.
எடுங்க என்றேன்.

எண்ணெய்க் கல்லில் எதையோ தேய்த்தார்,
லென்ஸை வைத்துப் பார்த்தார், தேய்த்தார்.
தராசு ஐந்தரையில் நின்றது.
இன்னும் குறைக்கலாமோ?
"தும்மினா வெடிக்கிற துவக்கு
என்ட கையால போகாது புள்ள."

சுருளைக் கடதாசியில் சுற்றித் தந்தார்.
கூலியில் நூறு ரூபாய் கழித்தார், ஏனென்று தெரியாது.

மூன்றாம் இரவு ஐந்து பன்றி.
இழுக்கத் தொடங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்,
வெடித்துவிட்டது.
ஈயம் நேரே போனது.
பன்றிதான் நேரே நிற்கவில்லை.
இனிப் பழி சொல்லத் துவக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை கட்டாரிலிருந்து மகன் எடுத்தான்.
பேச்சோடு பேச்சாய்த் துவக்கைத் திருத்தியதைச் சொன்னேன்,
இப்ப இலேசு என்றேன்.
சுருளைச் சொல்லவில்லை.
கிரேன் ஓட்டுகிற பிள்ளை,
கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்டைக்கு எனக்கு ஏலாமப் போயிற்றே அம்மா,"
என்றான்.